ஏவலும் வியங்கோளும்: இணைய நெரிசல் பற்றிய தரநிர்ணய ஏடுகள் – ஒரு விமர்சன நோக்கு

1

விமர்சனம் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவன கவிதையும் நாவலும் சிறுகதையுமே. கலைப்பீட மாணவர் ஒருவர் வேறு வகையான எழுத்தை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டால் அவர் தம் துறையைவிட்டு விலகிவிட்டார் என்று கருதப்படுவதும் உண்டு. ஆயினும் மனிதரின் அன்றாட வாழ்வை ஒழுங்குசெய்யும் எழுத்துக்களுள் இலக்கியம் ஒரு சிறு பகுதியே. காணி உறுதி, சட்டம், சுற்றறிக்கை, தரநிர்ணயம் ஆகியனவும் எழுத்துக்களே. அவற்றுக்கும் ஆசிரியர் உளர். அவ்வாசிரியர் மனங்கொண்ட வாசகர் உளர். சொல்லப்பட்டவை போலவே சொல்லாது விடப்பட்டவையும் உள. ஆதலின் அவற்றையும் விமர்சன நோக்கில் வாசித்தல் நம் கடமை எனலாம்.

இக்கட்டுரை அத்தகைய எழுத்துத் தொகுதி ஒன்றனை ஆராய முற்படுகின்றது. இணையத்தின் நெறிமுறைகளை வகுப்போர் தம் முடிவுகளை வெளியிடும் ஏடுகளே அவை. ‘கருத்துக் கோரல்’ என்னும் பொருள்படும் அடக்கமான பெயரால் அவை வழங்கப்படுகின்றன. முதலாவது ஏட்டை 1969 ஏப்ரலில் எழுதிய ஸ்ரீவ் குறொக்கர் அப்பொழுது ஒரு பல்கலைக்கழக மாணவராக இருந்தார் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இருபத்தொருவர் கூடிய கூட்டத்துடன் தொடங்கிய இணையப் பொறியியல் பணிக்குழுவே இன்று அவ்வேடுகளுட் பெரும்பாலானவற்றை ஆக்கி வருகின்றது. ஏடுகளின் தொகை ஒன்பதாயிரத்தைக் கடந்துவிட்டது. அவற்றுள் நெரிசல் பற்றியவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். நெரிசலுக்குத் தீர்வுகள் எழுதப்பட்டுள்ளன. எழுதப்பட்ட தீர்வுகள் ஏன் எல்லோரையும் சென்றடையவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. 2021ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புகள் சூம் வழியாக நடைபெற்ற காலத்தில், வலிகாமத்திலுள்ள எமது வீட்டில், தம்பி தன் தொலைபேசியிலிருந்து ஒரு வீடியோவை மேலேற்றத் தொடங்கியதும் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகிப் பின் நின்றுவிடும். மேலேற்றம் முடிந்ததும் குரல் மீளும். இணைப்பின் வேகத்தைச் சோதித்துப் பார்த்தாலோ, பணம் கட்டிய அளவுக்கு வேகம் இருப்பதாகவே காட்டும். ‘லைன் சரியில்லை’ என்பது வீட்டாரின் முடிவு. ‘ரவர் தூரம்’ என்பது அயலவரின் முடிவு. இரண்டும் முழு உண்மையல்ல என்பதைப் பின்னரே அறிந்தேன். எம் வீட்டுக் குறையின் இயல்பு பல ஆண்டுகளுக்கு முன்னரே ஆராயப்பட்டு, அதற்கு மருந்தும் எழுதப்பட்டிருந்தது. மருந்து ஏட்டிலும் பிணி எம் வீட்டிலும் இருந்தன.

2

நெரிசல் என்பது யாது? இணையத்தில் நாம் அனுப்பும் குரலும் படமும் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றன. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் வரும் பொதிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக முன்னே அனுப்புகின்றது. வருவன மிகுந்து போவன குறையும் இடத்தில் வரிசை நீளும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் நிலையங்களின் முன்னால் நின்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வரிசை நீண்டதனால் பெற்றோல் கூடவில்லை. காத்திருந்த நேரமே கூடியது. அரைப் போத்தல் வேண்டி நின்றவரும் பெரிய வாகனத்துக்காக நின்றவரும் ஒரே வரிசையில் ஒரே அளவு நேரம் காத்திருந்தனர். எம் வீட்டில் ஆசிரியரோடு பேசும் வகுப்பின் சிறு பொதிகள் தம்பியின் வீடியோப் பொதிகளுக்குப் பின்னால் நின்றதும் இவ்வாறே.

இந்த ஆபத்தை முதலில் எழுத்தில் எச்சரித்தவர்களுள் ஜோன் நேகிள் முக்கியமானவர். 1984 ஜனவரியில் அவர் எழுதிய 896ஆம் ஏடு, அனுப்புவோர் தம்மைத் தாமே கட்டுப்படுத்தாவிடின் வலையமைப்பு முழுவதும் பயனற்ற மறு அனுப்பல்களால் நிரம்பிச் சரிந்துவிடும் என்று காட்டியது. எச்சரிக்கை மூன்று ஆண்டுகளுள் மெய்யாயிற்று. 1986 ஒக்ரோபரில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையில், ஏறத்தாழ 400 யார் தூரத்தில், செக்கனுக்கு 32,000 பிட்டுகளாக இருந்த போக்குவரத்து 40 பிட்டுகளாக வீழ்ந்தது. நடந்தே கொடுத்துவிட்டு வரக்கூடிய தூரம் அது.

அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கல் கறெல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதற்குத் தீர்வு கண்டார். அனுப்புவோர் மெல்லத் தொடங்க வேண்டும். இழப்பு நேர்ந்தால் அதனை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு தம் வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னர் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். 1988இல் இக்கருத்து ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் பேர்க்லிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் மென்பொருளில் அது இயங்கும் நிரலாகவும் இடம்பெற்றது. 1989 ஒக்ரோபரில் வெளிவந்த 1122ஆம் ஏடு அதனை இணையக் கணினிகள் யாவும் கைக்கொள்ள வேண்டியதாக விதித்தது.

இதன் சிறப்பை உணர்வதற்கு நம் குடாநாட்டின் நீர்நிலையை நினைத்துப் பார்த்தல் பொருந்தும். இங்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் உள்ளே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமே நமது நிலையான செல்வம். ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அவருடைய கிணறு மட்டுமன்றி அயற் கிணறுகளும் உவராகும். பங்குக் கிணறுகளில் முறை வைத்து இறைத்த நம் முன்னோர் அந்த முறையை உறுதிகளிலும் எழுதிவைத்தனர். துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தபொழுது மனித உடலின் களைப்பு விதித்திருந்த எல்லை நீங்கிற்று. வேறோர் எல்லையை அறிவினால் விதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஜேக்கப்சனின் தீர்வும் பொதுச் சொத்தொன்றினைப் பயன்படுத்துவோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட முறையே. அதனை எல்லோரும் ஏற்றனர். இணையம் இன்றும் இயங்குவதற்கு அவ்வேற்பு ஒரு காரணம்.

3

முதற் கட்டத்தின் இவ்வெற்றி அடுத்த கட்டத்தில் தொடரவில்லை. காரணத்தை ஏடுகளின் மொழியிலேயே தேடலாம்.

நம் இலக்கணிகள் ஏவலையும் வியங்கோளையும் வேறுபடுத்தினர். ஏவல் முன்னிற்பவரை நோக்கிய கட்டளை, செய் என்பது. வியங்கோள் மூவிடத்துக்கும் பொதுவாக நின்று வாழ்த்தாகவும் வேண்டுகோளாகவும் விதியாகவும் வருவது, செய்க என்பது. இணைய ஏடுகளிலும் இதனையொத்த வேறுபாடு உண்டு. 1997 மார்ச்சில் ஸ்கொற் பிராட்னர் எழுதிய 2119ஆம் ஏடு இச்சொற்களுக்கென்றே அமைந்த ஒரு சிறு இலக்கணம். கட்டாயம் செய்யவேண்டியது ஒரு சொல்லாலும், தக்க காரணம் இருந்தால் விட்டுவிடக்கூடியது வேறொரு சொல்லாலும், விரும்பினாற் செய்யலாம் என்பது மூன்றாவது சொல்லாலும் குறிக்கப்படும் என அது வரையறுத்தது. முதலாவதை ஏவல் என்றும் இரண்டாவதை வியங்கோள் என்றும் வசதிக்காக இங்கு அழைக்கிறேன்.

1989இன் ஏடு ஏவலாற் பேசியது. அனுப்பும் கணினி தன்னைக் கட்டுப்படுத்துக என்று அது வேண்டவில்லை. கட்டுப்படுத்தவே வேண்டும் என்றது. ஆயின் அனுப்புவோர் கட்டுப்பட்டால் மட்டும் போதாது. வரிசையை வைத்திருக்கும் ரவுட்டரும் நெரிசலைக் காலத்தோடு அறிவிக்க வேண்டும் என்பது விரைவில் தெளிவாயிற்று. 1993இல் சாலி புளோயிட்டும் ஜேக்கப்சனும் அதற்கு ஒரு வழி கூறினர். வரிசை நிரம்பி வழியும்வரை பொறுத்திராமல், அது வளரும்போதே எழுமாறாகச் சில பொதிகளைக் கைவிட்டு அனுப்புவோரை எச்சரித்தல் என்பதே அவ்வழி. 1998 ஏப்ரலில் 2309ஆம் ஏடு ரவுட்டர்கள் இத்தகைய முறையைக் கைக்கொள்ளுக என்று பரிந்துரைத்தது. இங்கு மொழி வியங்கோளாயிற்று.

மொழி மாறியதோடு முகவரியும் மாறியது. 1989இல் ஏட்டை எழுதியவர்களும் மென்பொருளை எழுதியவர்களும் நெரிசலால் வருந்தியவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தினர். 1998இல் ஏட்டை எழுதியவர் ஒருவர், ரவுட்டரைச் செய்பவர் வேறொருவர், அதனை வாங்கி நிறுவுபவர் மற்றொருவர், தாமதத்தால் வருந்துபவர் இவர்கள் எவரையும் அறியாத இன்னொருவர். பரிந்துரைக்கப்பட்ட முறையைப் பல ரவுட்டர்களின் உள்ளே சேர்த்தனர். ஆனால் அதன் அளவுகளை இடத்துக்கிடம் சரிசெய்வது கடினமாக இருந்ததால் நிர்வகிப்போர் பலர் அதனை அணைத்தே வைத்திருந்தனர்.

இதைவிடத் துயரமான வரலாறு நெரிசற் குறியினுடையது. பொதியைக் கைவிடாமல் அதன்மேல் ஒரு குறியிட்டு அனுப்பினால் இழப்பின்றியே எச்சரிக்கலாம். இக்கருத்தின் மூலவர்கள், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்திற் பயின்ற கே. கே. இராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் ஆவர். 1988இல் அதனை வெளியிட்டனர். இராமகிருஷ்ணனும் புளோயிட்டும் டேவிட் பிளாக்கும் எழுதிய 3168ஆம் ஏட்டின் மூலம் 2001 செப்ரெம்பரில் அது இணையத் தரமாயிற்று. ஆனால் வழியிலிருந்த பழைய காவற் கருவிகள் சில, குறியிட்ட பொதிகளைக் கண்டதும் அவற்றை ஐயத்துக்குரியனவாகக் கருதி வீசிவிட்டன. குறியை இயக்கிய கணினி சில இடங்களுக்குச் செல்லவே முடியாது போயிற்று. ஆகவே இயங்குதளங்கள் அதனை அணைத்து வைத்தே வெளியிட்டன. யாரும் இயக்காததனாற் கருவிகளைத் திருத்த எவருக்கும் அவசரம் ஏற்படவில்லை. கருவிகள் திருந்தாததனால் எவரும் இயக்கவில்லை. 2015இல் அப்பிள் நிறுவனம் தன் கருவிகளில் அதனைப் பரவலாக இயக்கத் தொடங்கியபொழுது தரம் எழுதப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.

இதற்கிடையில் நினைவகத்தின் விலை வீழ்ந்தது. பொதி ஒன்றையேனும் இழக்கலாகாது என்ற எண்ணத்தில் உற்பத்தியாளர் தம் பெட்டிகளில் மிகப்பெரிய தேக்கங்களை வைத்தனர். பழைய முறைப்படி இழப்பைக் கண்டே வேகத்தைக் குறைக்கும் கணினிக்கு, தேக்கம் நிரம்பும்வரை எச்சரிக்கை கிடைப்பதில்லை. அதற்குள் வரிசை செக்கன் கணக்கில் நீண்டுவிடும். இத்தேக்க வீக்கத்துக்குப் பெயரிட்டு உலகறியச் செய்தவர் ஜிம் கெற்றிஸ். பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த அவர், 2010இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது இணைப்பு முழுவதும் தடுமாறுவதைக் கண்டு ஆராயத் தொடங்கினார். இணையத்தின் ஆக்கத்தில் நீண்டகாலம் பங்குகொண்ட பொறியியலாளர் ஒருவரின் வீட்டில் நேர்ந்ததால் அது ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. அதே இடர் உலகின் எண்ணற்ற வீடுகளில் அதற்கு முன்னரும் நேர்ந்திருக்க வேண்டும். அவ்வீடுகளில் அது தலைவிதியாகவே கருதப்பட்டது.

2012இல் கத்லீன் நிக்கல்சும் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒரு பொதி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்ப்பதே அதன் புதுமை. காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்கு மேல் 100 மில்லிசெக்கன் வரை நீடித்தால் அது எச்சரிக்கத் தொடங்கும். இடத்துக்கிடம் அளவுகளை மாற்றவேண்டிய தொல்லை பெரும்பாலும் இல்லை. வெவ்வேறு உரையாடல்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்தும் முறையுடன் இணைந்தபொழுது, வகுப்பின் குரல் வீடியோவின் பின்னால் நிற்கவேண்டிய அவசியமும் நீங்கியது. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த லினக்ஸ் 3.5 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. ஏடுகள் வெளிவந்ததோ 2018 ஜனவரியில். 8289ஆம், 8290ஆம் ஏடுகளான அவையும் ‘பரிசோதனை’ என்ற தகுதியையே பெற்றன. இடையில், 2015 ஜூலையில், 7567ஆம் ஏடு 1998இன் பரிந்துரையைப் புதுப்பித்தது. குறித்த ஒரு முறையைச் சுட்டும் பகுதியை அது கைவிட்டது. வரிசைகள் கவனத்தோடு நிர்வகிக்கப்படுக என்ற வேண்டுகோளை மீண்டும் விடுத்தது. பதினேழு ஆண்டுகளின் பின் அதே வியங்கோள்.

4

இவ்வரலாற்றை வைத்துத் தரநிர்ணய அமைப்பைக் குறைகூறிவிடுதல் எளிது. அது நேர்மையாகாது. அவ்வமைப்பின் ஏடுகள் உலகினர் எவருக்கும் இலவசம். அதன் விவாதங்களில் எவரும் கலந்துகொள்ளலாம். உறுப்புரிமைக் கட்டணம் இல்லை. வாக்கெடுப்பைவிட ஏறத்தாழ எட்டப்பட்ட உடன்பாட்டுக்கும் இயங்கிக் காட்டும் நிரலுக்குமே மதிப்பளிக்க வேண்டும் என்று 1992இல் டேவிட் கிளார்க் எடுத்துரைத்த கொள்கை அங்கு இன்றும் போற்றப்படுகின்றது. அன்றியும், 1998இன் பரிந்துரை ஏவலாக இருந்திருந்தால், சரிசெய்யக் கடினமான ஒரு முறை உலகெங்கும் கட்டாயமாகியிருக்கும். பின்னர் வந்த சிறந்த முறைக்கு அதுவே தடையாகவும் அமைந்திருக்கலாம். வியங்கோளுக்கும் ஒரு நன்மை உண்டு. அது பிழையைத் திருத்திக்கொள்ள இடம் தருகின்றது.

ஆயினும் ஒரு விமர்சகர் கேட்கவேண்டிய கேள்வி எஞ்சி நிற்கின்றது. இவ்வெழுத்துக்களில் துன்புறுபவர் எங்கே? நெரிசல் பற்றிய ஏடுகளைத் தொடர்ந்து வாசிப்பவர் அனுப்புவோரைக் காண்பர், பெறுவோரைக் காண்பர், ரவுட்டரையும் நிர்வகிப்போரையும் காண்பர். மலிவான பெட்டியொன்றின் முன் அமர்ந்து வகுப்பைக் கேட்க முயலும் மாணவியைக் காண்பது அரிது. இவ்விடுபாடு தற்செயலானதன்று. உடன்பாடு என்பது கூடியிருப்பவர்களின் உடன்பாடே. ஆண்டுக்கு மூன்று முறை நடைபெறும் இக்குழுவின் கூட்டங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நகரங்கள் சிலவற்றிலுமே பெரும்பாலும் கூடியுள்ளன. 2024 முடியும்வரை தென்னாசியாவில் ஒருமுறையேனும் கூடவில்லை. இராமகிருஷ்ணனையும் ஜெயினையும் போன்ற தனியாட்கள் அங்குச் சென்று பெரும்பணி ஆற்றியிருக்கின்றனர். நம் பிரதேசத்தின் அனுபவம் அங்குச் சென்றதா என்பது வேறு கேள்வி. வாசல் திறந்திருப்பதும் அவ்வாசலுக்குச் செல்லும் வழி எல்லோருக்கும் இருப்பதும் ஒன்றல்ல.

அண்மைய நிகழ்ச்சிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. 2016இல் கூகிள் நிறுவனம் பிபிஆர் என்ற புதிய அனுப்பும் முறையை வெளியிட்டது. தரம் எழுதப்படுவதற்கு முன்னரே அது யூரியூப் போன்ற பெருஞ்சேவைகளில் இயங்கத் தொடங்கிவிட்டது. அதன் முதற் பதிப்பு, சிறு தேக்கமுள்ள இணைப்புகளில், பழைய முறையைப் பின்பற்றும் கணினிகளுக்குரிய பங்கையும் எடுத்துக்கொள்வதாக ஆய்வாளர் பின்னர்க் காட்டினர். பங்குக் கிணற்றில் பெரிய இயந்திரத்தை வைத்தவர் முறை கேட்பதில்லை. மறுபுறத்தில், 2023 ஜனவரியில் 9330 முதல் 9332 வரையான ஏடுகள் தாமதத்தை மிகவும் குறைக்கும் புதியதோர் அமைப்பை விவரித்தன. பொதியின் தலைப்பில் நெரிசற் குறிக்கென எஞ்சியிருந்த ஒரேயொரு இடத்தை இவ்வமைப்புக்குக் கொடுப்பதா, பழைய அமைப்போடு மெல்ல இசையும் வேறொன்றுக்குக் கொடுப்பதா என்று 2019இலும் 2020இலும் கடும் விவாதம் நடந்து முடிவு எட்டப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கொம்காஸ்ற் நிறுவனம் அந்நாட்டு நகரங்கள் சிலவற்றில் அதனை வழங்கத் தொடங்கியது. 2012இன் மருந்தே கிட்டாத வீடுகள் எத்தனையோ இருக்க, அடுத்த மருந்து வேறு வீடுகளுக்குச் சென்றுவிட்டது.

எவை பரவின, எவை பரவவில்லை என்பதைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஏட்டின் தகுதி பரவலைத் தீர்மானிக்கவில்லை. ‘தரம்’ என்ற தகுதி பெற்ற நெரிசற் குறி நீண்டகாலம் உறங்கிற்று. ‘பரிசோதனை’ என்ற தகுதியே பெற்ற கோடெலோ லினக்ஸ் கணினிகள் பலவற்றில் எவரும் கேளாமலே இயங்குகின்றது. 2014இல் லினக்ஸ் கணினிகள் பலவற்றின் அடிப்படை அமைப்பை நடத்தும் மென்பொருள், கோடெலோடு இணைந்த வரிசை முறையைத் தானாகவே இயக்கும்படி மாற்றப்பட்டதே அதற்குக் காரணம். ஆகவே பெட்டியைத் திறக்கும்போதே எது இயங்கிக்கொண்டிருக்கின்றதோ அதுவே நடைமுறைத் தரம். ஏவலினும் வியங்கோளினும் வலியது, சொல்லாமலே செய்துவைக்கப்பட்ட தொடக்க அமைப்பு. அதனைத் தீர்மானிப்பவர் உற்பத்தியாளர். அவரைத் தூண்டக்கூடியவர் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்குபவர். வீட்டிலிருந்து ஒரு பெட்டியை வாடகைக்குப் பெறும் பாவனையாளருக்கு அதன் உள்ளே எந்த ஆண்டின் மென்பொருள் உள்ளது என்று அறியும் வழிகூட இல்லை.

5

நம்மவர் தரநிர்ணயத்தில் என்றுமே பங்குகொள்ளவில்லை என்று கூறுவதும் தவறாகும். கணினியில் தமிழ் எழுத்தின் வரலாறு அதற்கு மறுப்பு. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் அமைந்தது, இந்தியத் தரமொன்றை அடியொற்றியே. அதன் பொருத்தம் பற்றித் தமிழர் நெடுங்காலம் வாதிட்டனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகையும் குறியேற்றமும் விவாதிக்கப்பட்டன. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்தவர்கள் தன்னார்வமாக உழைத்தனர். பல குறியேற்றங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இறுதியில் இயங்குதளங்கள் யுனிகோட்டைத் தம்முள்ளே கொண்டு வந்தபொழுது வழக்கு தீர்ந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. இங்கும் தொடக்க அமைப்பே வென்றது என்பதைக் கவனிக்க. ஆனால் அந்த வெற்றிக்கு முன்னர் நம்மவரின் குரல் கேட்டது.

எழுத்துக்காக எழுந்த அக்குரல் தாமதத்துக்காக ஏன் எழவில்லை? எழுத்துச் சிதைந்தால் அது கண்ணுக்குத் தெரியும். கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலும் கிடந்தால் குற்றம் கணினியினுடையது என்று எவரும் சொல்வர். தாமதத்துக்கு உருவம் இல்லை. மறுமொழி பிந்தினால் மாணவி கவனமில்லாதவள் என்று கருதப்படுவாள்; குரல் தடைப்பட்டால் அவளுடைய ஊர் பின்தங்கியது என்று கருதப்படும். அளக்கப்படாத துன்பம் துன்பமாகவே பதிவாவதில்லை. விளம்பரங்கள் வேகத்தை மட்டுமே கூறுகின்றன. இணைப்பு முழுவதும் வேலைசெய்துகொண்டிருக்கையில் ஒரு சிறு பொதி எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை. அதனை அளக்கும் வழிகள் இல்லாமலில்லை. 2021இல் அப்பிள் தன் கணினிகளில் அத்தகைய அளவையொன்றைச் சேர்த்தது. இலவசமாகக் கிடைக்கும் வேறு கருவிகளும் உள.

எனவே செய்யத்தக்கவை எவை என்பது தெளிவு. பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் அரச திணைக்களங்களும் ரவுட்டர்களுக்கு விலைமனுக் கோரும்போது, காத்திருப்பைக் கட்டுப்படுத்தும் வரிசை முறை தொடக்கத்திலேயே இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அப்பொழுது ஏட்டின் வியங்கோள் விலைமனுவில் ஏவலாகின்றது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வேகத்தோடு, சுமை ஏறிய நிலையிலுள்ள தாமதத்தையும் அளந்து வெளியிடுமாறு நாம் கேட்கலாம். பிணி எப்பொழுதும் வீட்டுப் பெட்டியில் மட்டும் இருப்பதில்லை. கோபுரத்தின் உபகரணத்திலும் இருக்கலாம். எங்கே இருக்கின்றது என்பதை அளவையே காட்டும். அளந்தவற்றை எழுதி விவாதத்தில் வைப்பதற்குப் பொறியியலாளராக இருத்தல் கட்டாயமன்று.

இது கனவு என்று கூறுவோருக்கு ஒரு சான்று காட்டி முடிக்கிறேன். கோடெலுக்குச் சமகாலத்தில் எழுந்த வேறொரு வரிசை முறையைத் தனித்தனி உரையாடல்களுக்கு ஏற்றவாறு விரித்து லினக்ஸில் சேர்த்தவர்கள், கர்நாடகத்தின் சூரத்கல் நகரிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலருமே ஆவர். 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6 பதிப்பில் அது இடம்பெற்றது. 1969இன் முதல் ஏட்டை எழுதியவரும் மாணவர். 2020இன் நிரலை எழுதியவரும் மாணவர். இடையில் வந்த ஏடுகளின் வரிசையில் நமது அனுபவம் இன்னும் எழுதப்படாத பக்கமாகவே கிடக்கின்றது. அதனை எழுத வேண்டியவர் வேறு எவருமல்லர்.